எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் இரவு எட்டரைக்கு முடிகிறது. காலை எட்டரைக்கு உட்கார்ந்தவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு, சோத்துப் போசியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். பலருக்கு வீடு போய்ச் சேருவதற்குள்ளேயே கண் சொருகும். ஏடிஹெச்டி என்கிற கவனக் குறைபாடு உள்ளவருக்கு உடம்பு மட்டும்தான் ஓயும், தலை ஓயாது. சூப்பர்வைசர் காலையில் சொன்ன சொல், கட்ட மறந்த தவணை, போன மாசம் யாரிடமோ பேசி வாங்கிக்கட்டிக்கொண்டது, பாதியில் நின்ற பாட்டு என்று ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஓடிக்கொண்டே இருக்கும். இரவு பதினொன்றுக்கு மொட்டைமாடியில் கஞ்சாப் பொட்டலம் பிரிவது அந்த ஓட்டத்தை நிறுத்தத்தான்.

"எதுக்குடா அந்தக் கருமத்த அடிக்கிற?" என்று அப்பா கேட்டால் பையன் தலையைக் குனிந்துகொள்வான். டாக்டர் கேட்டாலும் அதேதான். அவனுக்கே பதில் தெரியாது. "தெனமும் எத்தன மணிக்குத் தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள், சொல்லிவிடுவான். காலை ஏழுக்கா, டீ டைமுக்கா, சாயங்காலம் ஆறுக்கா, நடுராத்திரியிலா என்பதிலேயே காரணம் இருக்கிறது. நேரத்துக்கு நேரம் காரணம் வேறு. அதனால் மாற்று வழியும் வேறு. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் ஏடிஹெச்டி என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் இதற்குப் பேர் வைத்ததில்லை. "கெட்டிக்காரன்தானுங்க, ஒரு எடத்துல உக்கார மாட்டீங்குறான்", "சொன்ன சாமானுல பாதிய மறந்துட்டு வந்துருவான்", "பொறுப்பில்லீங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்னும் மனநோய் வகைப்பாட்டு நூலின்படி கவனமின்மைக்கு ஒன்பது அறிகுறிகள், துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் ஒன்பது. 17 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு ஏதாவது ஒரு பக்கத்தில் ஐந்தாவது இருக்க வேண்டும். அதில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, வேலை, பள்ளிக்கூடம் என இரண்டு இடங்களிலாவது தொந்தரவு கொடுத்திருக்க வேண்டும். பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இருக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சைக்கு வருகிறவர்களை மட்டும் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் நாலைந்து பேருக்கு ஒருவருக்கு ஏடிஹெச்டி இருந்தது. போதை மறுவாழ்வு மையத்தில் பத்துப் படுக்கை இருந்தால் அதில் இரண்டில் இப்படி ஒருவர் படுத்திருக்கக்கூடும். பலருக்கு அதை யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். எட்டாவதோடு நிறுத்தப்பட்டுப் பனியன் கம்பெனியில் டெய்லருக்கு உதவும் கைமடியாகச் சேர்ந்த பையனுக்கும், கோவையில் பதினாறு அரியர் வைத்திருக்கும் இன்ஜினியரிங் மாணவனுக்கும் அடியில் இருப்பது ஒரே சிக்கலாக இருக்கலாம்.

நடுராத்திரியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதிகம் பேர் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஏடிஹெச்டி உள்ள பெரியவர்களில் நிறையப் பேருக்கு உடம்புக் கடிகாரமே பிந்தி ஓடுகிறது. தூக்கத்துக்கான மெலட்டோனின் மற்றவர்களைவிட ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தாமதமாகச் சுரக்கிறது. பதினொன்றுக்குப் படுத்தாலும் ஒன்றுக்குத்தான் தூக்கம் வரும். கஞ்சாவில் போதை ஏற்றும் டிஹெச்சி என்ற பொருள் அந்த இடைவெளியை வெட்டிவிடுகிறது, படுத்த கொஞ்ச நேரத்தில் தூக்கம். முதல் சில வாரங்களுக்கு இது உண்மையாகவே வேலை செய்கிறது. அதை மறைத்துப் பேசினால் பையன் நம்மை நம்ப மாட்டான்.

பிறகுதான் கணக்கு மாறுகிறது. தினமும் எடுத்தால் சில வாரங்களில் உடம்பு பழகி, அதே தூக்கத்துக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். கனவு வருகிற ரெம் தூக்கம் குறையும். ஒரு நாள் கிடைக்கவில்லை என்றால் அன்றைக்குத் தூக்கமே இருக்காது. வந்தாலும் பயங்கரக் கனவுகளும் வியர்வையுமாகப் போகும். "பாத்தீங்களா, இது இல்லாட்டி எனக்குத் தூக்கமே வர்றதில்ல" என்று அவர் சொல்வது இந்த இரவை வைத்துத்தான். பழைய தூக்கமின்மை திரும்பி வந்துவிட்டதாக அவர் நினைக்கிறார். அது பெரும்பாலும் விடும்போது வருகிற எதிர்விளைவு, இரண்டு மூன்று வாரத்தில் தணியக்கூடியது.

இந்த நேரத்துக்காரர்களுக்கு மாற்று வழி காலையில் தொடங்குகிறது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும், ஞாயிற்றுக்கிழமை உட்பட. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் இருபது முப்பது நிமிடம் வெயில் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். மொட்டைமாடியில் பல் துலக்கினாலும் போதும். மாலை நாலு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். காபியின் கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் ஆகிறது. ஷிப்டில் ஏழு மணிக்கு வரும் டீயைத்தான் முதலில் விட வேண்டும், விடுவதற்குக் கஷ்டமானதும் அதுதான். மெலட்டோனின் மாத்திரை தேவைப்படலாம், ஆனால் எந்த நேரத்துக்கு எவ்வளவு என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். படுக்கப் போகும்போது போட்டால் கடிகாரம் அவ்வளவாக நகராது, அதற்குச் சில மணி நேரம் முன்பே போட வேண்டியிருக்கும். சோமனூர் பக்கம் விசைத்தறியில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறி ஓட்டுகிறவருக்கு இது எதுவும் நிற்காது. அவர் முதலில் கேட்க வேண்டியது நிலையான ஷிப்ட்.

டீ டைமுக்கு இழுப்பவர்களின் காரணம் சலிப்பு. சோம்பல் வேறு, இது வேறு. ஏடிஹெச்டி மூளைக்கு மாசக் கடைசியில் வரும் சம்பளம் இன்றைக்கு உறைப்பதில்லை, அடுத்த நிமிடம் கிடைப்பதுதான் உறைக்கிறது. பீஸ் ரேட்டில் தைக்கிற டெய்லராக இருக்கும்போது பறந்து வேலை செய்தவர், செக்கிங் டேபிளுக்கு மாற்றியதும் துவண்டுபோவது இதனால்தான். பீஸ் ரேட்டில் ஒவ்வொரு கட்டுக்கும் காசு கண்ணுக்குத் தெரிகிறது. கஞ்சா அந்தச் சலிப்பின் முனையை மழுக்கிவிடுகிறது. ஒரே தையலை ஆயிரம் முறை போடுவது பொறுத்துக்கொள்ளக்கூடியதாகிறது. "அடிச்சாத்தான் எனக்கு வேலைல மனசு நிக்குது" என்ற பேச்சு இங்கேதான் பிறக்கிறது.

ஆனால் மனசு நிற்பது வேறு, கவனம் நிற்பது வேறு. கட்டிங்கிலிருந்து வரும் ஒரு துணிக்கட்டைப் பாருங்கள். கட்டு நம்பர், சைஸ் ஸ்டிக்கர், முன்பக்கம், பின்பக்கம், கை. ஓவர்லாக்கில் தோளை மூட்டும்போது, கையில் இருப்பது பதினேழாம் நம்பர் கட்டு, எல் சைஸ் என்பதை மனம் ஓரமாகப் பிடித்து வைத்திருக்க வேண்டும். கை தைக்கும், மனம் நம்பரைப் பிடித்திருக்கும். இப்படிச் சில நொடிகளுக்கு ஒன்றைப் பிடித்து வைக்கும் திறனைத்தான் செயல்நினைவு என்கிறார்கள். ஏடிஹெச்டியில் ஏற்கெனவே மெலிந்திருப்பது அதுதான், டிஹெச்சி முதலில் போய் உட்காருவதும் அதன் மேலேதான். தையல் நேராக ஓடும், ஆனால் பதினேழின் முன்பக்கத்தில் பதினெட்டின் கை ஏறிவிடும். எல் சைஸ் உடம்பில் எம் சைஸ் கை. செக்கிங் வரை யாருக்கும் தெரியாது. தைத்தவருக்கோ அன்றைக்கு வேலை அருமையாக ஓடியதாக நினைப்பு.

அந்த நினைப்பு எப்படி வருகிறது? நம் மூளை தானாகவே கஞ்சா போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. 1992-இல் ஜெருசலேமில் அதைக் கண்டுபிடித்தவர்கள் ஆனந்தம் என்ற சொல்லை எடுத்து அதற்கு ஆனந்தமைடு என்று பேர் வைத்தார்கள். அது போய் ஒட்ட வேண்டிய இடத்தில் டிஹெச்சி போய் ஒட்டுகிறது. கொஞ்ச நேரத்துக்கு, மூளையில் ஊக்கத்தைத் தூண்டும் டோபமைன் ஏறுகிறது, செய்வது எல்லாம் சுவையாகத் தோன்றுகிறது. கூடவே தன்னைத் தானே அளக்கும் புத்தி மங்குகிறது. "நீ தப்புப் பண்ற" என்று நாளெல்லாம் குத்தும் உள்குரலோடு வாழ்கிற மனிதருக்கு அந்தக் குரல் அடங்குவதே கவனம் வந்ததுபோல் இருக்கும். நேர உணர்வும் கெடுகிறது. பத்து நிமிடம் அரை மணி நேரம்போல் நீளும், நிறையச் செய்துவிட்டோம் என்று பாதியில் எழுந்துவிடுவார்கள். மாசக்கணக்கில் தினமும் எடுப்பவர்களின் மூளையில் டோபமைன் உற்பத்தியே மந்தமாக இருந்ததாக ஸ்கேன் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சலிப்பை ஓட்ட எடுத்தது சலிப்பையே கூட்டுகிறது.

இதை முறையாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஏடிஹெச்டி உள்ள 30 பெரியவர்களுக்கு ஆறு வாரம், டிஹெச்சியும், கஞ்சாவிலேயே உள்ள போதை தராத சிபிடியும் அளந்து சேர்த்த வாய் ஸ்பிரே ஒரு பாதிக்கும், மருந்தில்லாத ஸ்பிரே மறு பாதிக்கும் கொடுத்தார்கள். முடிவு 2017-இல் வெளியானது. கவனத்தையும் அசைவையும் அளக்கும் கணினிச் சோதனையில் இரண்டு குழுவுக்கும் நம்பத்தக்க வித்தியாசம் வரவில்லை. துறுதுறுப்புக் குறைந்ததுபோல் ஒரு சாயல் மட்டும் தெரிந்தது, கணக்கைக் கறாராகப் பார்த்தபோது அதுவும் நிற்கவில்லை. சிறிய ஆய்வுதான், ஒரேயடியாகக் கதவைச் சாத்த முடியாது. ஆனால் அளந்து கொடுத்த மருந்துக்கே இந்த நிலை என்றால், என்ன இருக்கிறது எவ்வளவு இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாத பொட்டலத்தை நம்ப என்ன இருக்கிறது?

புகையிலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. இங்கே பலர் கஞ்சாவைத் தனியாகப் புகைப்பதில்லை. சிகரெட்டைக் கொட்டி, அந்தத் தூளோடு கசக்கித் திரும்ப அடைக்கிறார்கள். நிக்கோடின் கொஞ்ச நேரத்துக்குக் கவனத்தை உண்மையாகவே கூட்டும், ஏடிஹெச்டி உள்ளவர்களுக்கு அதன் பிடி இன்னும் இறுக்கம். ஆக முதல் பத்து நிமிடத்தில் வரும் தெளிவு சிகரெட்டின் வேலையாக இருக்கலாம், பேர் கஞ்சாவுக்குப் போகிறது. விடும்போதும் இதே குழப்பம்தான். மூன்றாம் நாள் வரும் எரிச்சலில் ஒரு பகுதி நிக்கோடின் கேட்பது. கஞ்சாவை விடுகிறேன் என்று தொடங்குபவர் புகையிலைக்கும் சேர்த்து வழி செய்யாவிட்டால் ஒரு வாரம் தாங்காது. மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் நிக்கோடின் கம் கிடைக்கும். அதை பபிள் கம்போல் மென்றால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிஞ்சும். நாக்கில் சுருக்கென்று காரம் ஏறும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி, காரம் போனதும் மறுபடி நாலு மெல்லு. இப்படி அரை மணி நேரம். மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து மென்று முடிக்கும்வரை டீ கூடாது, டீயின் புளிப்பில் நிக்கோடின் ஈறில் இறங்காது.

கஞ்சா சாக்லேட்டின் ஆபத்து வேறு விதம். புகை சில நிமிடத்தில் ஏறி இரண்டு நாலு மணி நேரத்தில் இறங்கும். தின்றது ஏறவே அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும், கல்லீரலில் இன்னும் வீரியமான பொருளாக மாறி ஆறு எட்டு மணி நேரம் இருக்கும். பொறுமை என்பதே குறையாக இருக்கிற ஒருவர் முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு "ஒண்ணும் ஏறலியே" என்று இன்னொன்றைப் பிரிப்பார். இரண்டும் சேர்ந்து ஏறுவது அவர் கட்டிங் மெஷினுக்கு முன்னால் நிற்கும் நேரமாக இருக்கும். தறி, லேத், ரிக் லாரி ஓட்டுகிறவர்கள் புகைத்தால் எட்டு மணி நேரம், தின்றால் பன்னிரண்டு மணி நேரம் அதன் பக்கமே போகக் கூடாது.

சாயங்காலம் ஆறு மணிக்காரர்களைப் பற்றி. இவர்களில் இரண்டு வகை. முதல் வகை, திட்டு வாங்கிய நாளில் மட்டும் இழுப்பவர்கள். மற்றவர்களுக்கு உறைக்காத ஒரு சொல் இவர்களை நாள் முழுக்க அறுக்கும். உணர்ச்சியைத் தணிக்கும் பிரேக் மெதுவாகத்தான் பிடிக்கும். கஞ்சா குறைந்த அளவில் பதற்றத்தைத் தணிக்கும், கூடினால் அதே பதற்றத்தை ஏற்றும், படபடப்பும் சந்தேகமும் வரும். அளவு தெரியாத பொட்டலத்தில் எது வரும் என்பது அதிர்ஷ்டம்தான். இரண்டாம் வகை ஏற்கெனவே ஏடிஹெச்டிக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள். மெத்தில்பெனிடேட் சாதா மாத்திரை நாலு மணி நேரம்தான் நிற்கும். கடைசி மாத்திரையின் வீரியம் இறங்கும் அந்திப் பொழுதில் எரிச்சலும் அலைபாய்தலும் முன்பைவிட ஒரு படி கூடி வந்து போகும். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் பொட்டலம். அதை டாக்டரிடம் சொன்னால் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் மாத்திரைக்கு மாற்றலாம், நேரத்தை நகர்த்தலாம். கஞ்சாவையும் இந்த மாத்திரையையும் ஒன்றாக எடுத்தால் நாடித்துடிப்பு இரண்டாலும் ஏறும், இதயக் கோளாறு இருப்பவருக்கு அது விளையாட்டல்ல.

காலையில் எழுந்ததும் இழுப்பவர் விஷயத்தில் தள்ளிப்போட வேண்டாம். முந்தின நாள் எடுத்தது இறங்கியதால் வரும் நடுக்கத்துக்குத்தான் அவர் எடுக்கிறார். பதின்வயதில் தொடங்கியவர், குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தவர், "எல்லாரும் என்னையத்தான் பாக்குறாங்க" என்று சொல்லத் தொடங்கியவர் என்றால் அந்த வாரமே மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

விட நினைப்பவர் முதலில் இரண்டு வாரம் ஒரு பாக்கெட் நோட்டில் எழுதட்டும். எத்தனை மணிக்கு, அதற்கு அரை மணி முன்னால் என்ன நடந்தது, அடுத்த நாள் எதை மறந்தார். வேறு எதுவும் வேண்டாம். போனில் குறித்தால் போனுக்குள்ளேயே காணாமல் போய்விடுவார். பிறகு காலையில் எடுப்பதை முதலில் நிறுத்தி, பகலை அடுத்து, ராத்திரியைக் கடைசியில். நிறுத்தியபின் ஒன்றிலிருந்து மூன்று நாளில் எரிச்சல், வியர்வை, பசியின்மை, தூக்கமின்மை தொடங்கி முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். கெட்ட கனவுகள் ஒரு மாதத்துக்கு மேலும் வரலாம். அந்த முதல் வாரத்தில் தட்டு நிறையச் சோறு இறங்காது. மோர், கம்மங்கூழ், ஒரு கரண்டி அரிசிம்பருப்பு என்று அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் உடம்பு தாங்கும். வீட்டில் அந்த வாரம் கடன் பேச்சையும் கல்யாணப் பேச்சையும் தள்ளி வையுங்கள்.

டாக்டரிடம் போகும்போது கஞ்சாவை மறைக்க வேண்டாம். மறைத்தால் கஞ்சாவால் வரும் மறதியையும் ஏடிஹெச்டி மறதியையும் அவரால் பிரிக்க முடியாது. விட்டு ஒரு மாதத்தில் கஞ்சாவால் வந்த மந்தம் பெரும்பாலும் தெளிந்துவிடும், அதற்கு மேலும் இருப்பதுதான் பழையது. "மொதல்ல அத விட்டுட்டு வா, அப்புறம் பாக்கலாம்" என்று திருப்பி அனுப்பும் மருத்துவர்களும் உண்டு. அது சரியான வழி என்று நான் நினைக்கவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் கவனிப்பதைத்தான் இத்துறையின் சர்வதேச வல்லுநர்களும் சொல்கிறார்கள். பழக்கம் பலமாக உள்ளவருக்குச் சிலர் அடமாக்ஸெடின் என்ற ஏடிஹெச்டி மாத்திரையில் தொடங்குவார்கள், அதில் போதை கிடையாது. பெரியவருக்கு வழக்கமாக 40 மில்லிகிராமில் ஆரம்பித்து 80 வரை போவார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், பலன் தெரிய நாலு ஆறு வாரம் ஆகும். இந்த ஏடிஹெச்டிக்காரர்கள் பத்தாம் நாளே "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் வீட்டார் உதவ வேண்டும். மெத்தில்பெனிடேட் ஷெட்யூல் எக்ஸ் மருந்து, அதாவது விற்பனைக்குக் கடுமையான கட்டுப்பாடு உள்ளது. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். எல்லாக் கடையிலும் இருக்காது, ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கடையில் முதலில் கேளுங்கள்.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெருந்துறை அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி, சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயங்கினால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இலவசம், தமிழில் பேசலாம். ஊருக்குத் தெரிந்தால் பொண்ணு தர மாட்டார்கள் என்ற பயத்தில் தள்ளிப்போடும் குடும்பங்களுக்கு இந்த எண் போதுமான மறைவு கொடுக்கும். ராத்திரியில் ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போகும் மையங்களிடம் விடாதீர்கள். மாநில மனநல ஆணையப் பதிவுச் சான்றைக் கேளுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி சங்கிலி போட்டுக் கட்டுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

சட்டம் பற்றி ஒரு தெளிவு வேண்டும். ஒரு கிலோவுக்குள் இருந்தால் கேஸ் இல்லை என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. ஒரு கிலோ என்பது தண்டனையின் அளவைப் பிரிக்கும் கோடு மட்டும். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் (என்டிபிஎஸ்) அதற்குள் வைத்திருந்தாலும் ஒரு வருடம் வரை சிறை உண்டு, புகைத்ததற்கே ஆறு மாதம் வரை உண்டு. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, பழக்கத்துக்கு ஆளானவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால் இந்தச் சிறு குற்றங்களில் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. வழக்கு ஏற்கெனவே இருந்தால் வக்கீலிடம் அந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் தடவை போகும்போது அம்மா கூடப் போவது நல்லது, பன்னிரண்டு வயதுக்கு முந்தைய பையனை அவர்தான் பார்த்திருக்கிறார். அட்டாலியில் இருக்கும் டிரங்குப் பெட்டியை இறக்கி மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது வகுப்பு ரேங்க் கார்டுகளைத் தேடுங்கள். மார்க் முக்கியமில்லை, கடைசியில் டீச்சர் கையால் எழுதிய ஒரு வரி இருக்கும். "நன்றாகப் படிப்பான், ஆனால் கவனம் இல்லை", "பக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்கிறான்" என்று. அந்தக் கார்டையும், மணிகள் குறித்த பாக்கெட் நோட்டையும் ஒரே கவரில் போட்டு எடுத்துப் போங்கள். கார்டு கிடைக்காவிட்டால் அந்த டீச்சர் இன்னும் ஊரில்தான் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். ஒரு போன் போட்டால் அவருக்கு ஞாபகம் இருக்கும், இப்படிப்பட்ட பிள்ளைகளை டீச்சர்கள் மறப்பதில்லை.